அல்லிமங்கலம் பெயர்ப்பலகை

அல்லிமங்கலம்
24.1.1968

அன்புள்ள மாமாவுக்கு நீலாம்பாள் எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான், பிறந்து பத்து நாளான கன்றுக்குட்டி எல்லோரும் சுகம். பட்டணத்துத் தண்ணீர் உங்கள் உடம்புக்கு இன்னும் ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் நாம் செய்த வேலையைப் பற்றிக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆகையால் அதை எழுதப்போவதில்லை. ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பலகையில் மேலே தமிழ், நடுவில் இந்தி, கீழே ஆங்கிலம் என்று மூன்று வரி இருந்ததல்லவா? நடுவரியை மட்டும்தான் நீங்கள் பூசினீர்கள். டின்னைப் பிடித்திருந்தவள் நான், எனக்குத் தெரியும். ஆனால் தார் கெட்டியாக இருக்கிறதென்று மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கினீர்களே, அதுதான் தப்பாகிவிட்டது. நீங்கள் வண்டியேறிய மறுநாள் நல்ல வெயில். தார் இளகி, யாரும் பார்க்காதபோது மெல்ல வழிந்து, சாயங்காலத்துக்குள் கீழ்வரியையும் மூடிவிட்டது. இப்போது மஞ்சள் பலகையில் 'அல்லிமங்கலம்' என்ற தமிழ் எழுத்து மட்டும் குளித்து எழுந்த மாதிரி நிற்கிறது. பள்ளிக்கூட வண்டிக்கு நிற்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஸ்டேஷன் மாஸ்டர் சிவசங்கரன் சார், போர்ட்டர் வேலைதானே என்று அப்பாவைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார். பிறகு அவரே, துடைத்த ஊரிலெல்லாம் திரும்பப் பூசுகிறார்கள், அறுப்பு முடிந்ததும் பெயின்டர் வருவான், இங்கே இறங்குகிற பத்துப் பேருக்கும் ஊர் தெரியும் என்று விட்டுவிட்டார். அப்பா மட்டும் ப்ளாட்பார விளக்கேற்றும் ஏணியைக் கொல்லைக்குக் கொண்டுபோய், மூன்றாம் படியில் ஒட்டியிருந்த தார்ச் சொட்டைச் செங்கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தார். அது போகவில்லை. என்னை ஒன்றும் கேட்கவும் இல்லை.

உங்கள் பரீட்சை முடிவு வந்ததும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்
நீலாம்பாள்

*

சென்னை
1.2.1968

அன்பு நீலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். அக்காவிடம் தண்ணீர் ஒத்துக்கொள்கிறது, சோறுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல். ஹாஸ்டல் அரிசியை நம்மூர்க் கோழி கூடக் கொத்தாது.

நீ 'எழுதப்போவதில்லை' என்று சொல்லிவிட்டு எழுதியதை நான் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். இதையும் நீ கிழித்துவிடு. ஆங்கிலம் மூடினால் என்ன குடிமுழுகிப் போகிறது? ஊரின் பெயர் ஊர்க்காரன் மொழியில் பளிச்சென்று இருக்கிறது. அல்லிமங்கலத்தில் இறங்க எந்த வெள்ளைக்காரன் வரப்போகிறான்?

நல்ல செய்தி. சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறிவிட்டேன். செக்ரட்டேரியட்டில் கிளார்க் வேலை. இனி என் நடத்தையைப் பற்றிப் போலீஸ் விசாரித்து எழுத வேண்டும், அது முடிந்தால் ஆர்டர். யாராவது வந்து கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லச் சொல். நம் தெருவிலிருந்து கோட்டைக்குள் நாற்காலி போட்டு உட்காரப்போகிற முதல் ஆள் நான்தான் என்று அத்தானிடம் சொல்.

உன் மாமா
இராஜாங்கம்

*

அல்லிமங்கலம்
12.2.1968

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் செய்தி கேட்டு அம்மா ஒரு படி அரிசிக்குப் பாயசம் வைத்து ஐந்து வீட்டுக்குக் கொடுத்தாள். ஆனால் நான் எழுத வந்தது வேறு.

நேற்று முன்தினம் சனிக்கிழமை நம் ஊருக்கு ஆகாயவிமானம் வந்தது. கனவு கண்டேன் என்று நினைக்காதீர்கள்.

காலையில் பனி இன்னும் விலகவில்லை. வயல், தெரு, இரயில் பாதை எல்லாம் பாலுக்குள் கிடந்தன. வடக்கே நன்னிலம் பக்கமிருந்து ஒரு சத்தம் பாதையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பனி கிழிந்த இடத்தில் பார்த்தால் வெள்ளையாக ஒரு சின்ன விமானம். அது ஸ்டேஷன் மேல் தாழ வந்து ஒரு சுற்றுச் சுற்றியது. மேலே போய்த் திரும்பவும் தாழ்ந்தது. மூன்று சுற்று. மூன்றாம் சுற்றில் புளியமரத்து இலையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு கிழக்கே போய்விட்டது. நான் வீட்டில் இருந்தேன், வாசலிலிருந்து பார்த்தேன்.

அரை மணி கழித்துத் திரும்பி வந்தது. இந்தத் தடவை சத்தமே இல்லை. மாமா, அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய பொருள் ஒரு கொக்கு வருவதைப் போல வந்தது. அதன் நிழல் முன்னால் ஓடி, கதிர் மேல் வழுக்கிக்கொண்டு போனது. அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிழல் பட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எல்லா வயலிலும் ஆள் இருந்தார்கள். பண்ணையின் மேலண்டை வயல் ஒன்றுதான் காலி. அரை மரக்கால் நெல் கூலியாக அதிகம் கேட்டு நம்மவர்கள் அங்கே கை வைக்காமல் நிறுத்தியிருக்கிறார்கள் அல்லவா? கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது, காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள் பனையடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். விமானம் மற்ற வயல்களை விட்டுவிட்டு அதில் போய் இறங்கியது. நெல்லை வாரிக்கொண்டு ஓடி, வரப்பில் முட்டிக் கவிழ்ந்தது.

எல்லோரும் ஓடினோம். கூலிக்காரர்கள், போலீஸ்காரர்கள், பண்ணைக் காரியக்காரர், யார் யாருடைய ஆள் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. ஓட்டியவரை இழுத்துக் கயிற்றுக் கட்டிலில் போட்டார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிப்போயிருந்தது. அவர் பெயர் ஜெக்கரியா. பம்பாய்க்காரர் என்று பேசிக்கொள்கிறார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கவிழ்ந்து கிடந்த விமானத்தைச் சுற்றி நெல் வாசனைதான் அடித்தது. ஒரு சொட்டு எண்ணெய் வாசனை இல்லை. டாங்கியில் ஒன்றுமே இல்லை என்று சிவசங்கரன் சார் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலாம்பாள்

*

சென்னை
21.2.1968

அன்பு நீலாவுக்கு,

நலம். இங்கே பத்திரிகையிலும் நாலு வரி போட்டிருந்தான். சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குப் போன விமானமாம். இரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்து, மாயவரம் ஜங்ஷனில் பாதை பிரிகிற இடத்தில், மேற்கே கும்பகோணம் போகிறதை விட்டுத் தெற்கே திருவாரூர் போகிறதைப் பிடித்துவிட்டானாம். பனி. அது அவனுடைய தவறு. பூகோளம் படிக்கிற நீயே இதைப் புரிந்துகொள்வாய்.

நம் ஸ்டேஷன் மேல் ஏன் சுற்றினான் என்று யாராவது பேசிக்கொள்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன். என் கடிதங்களைக் கிழித்துவிட்டாயா?

பரீட்சைக்குப் படி.

இராஜாங்கம்

*

அல்லிமங்கலம்
3.3.1968

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவுக்கு இரண்டு நாளாகத் தலைவலி. மற்றபடி சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

வியாழக்கிழமை ஒரு இரயில்வே அதிகாரி தண்டவாள டிராலியில் வந்து இறங்கினார். பெயர்ப்பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். விமானம் ஓட்டுகிறவர்கள் வழி தவறினால் ஸ்டேஷன் மேல் தாழப் பறந்து பெயரைப் படித்துப் பார்ப்பார்களாம். அதற்காகத்தான் மூன்று சுற்று. நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

பிறகு அவர் எதைக் கொண்டு ஏறினார்கள் என்று கேட்டார். இவ்வளவு உயரத்துக்கு ஸ்டேஷனில் ஒரே ஒரு ஏணிதான். அதைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் படியில் சொட்டு இருந்தது. ஏணி யார் பொறுப்பு என்று கேட்டார். போர்ட்டர் வீரையன் பொறுப்பு என்று சிவசங்கரன் சார் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

மாட்டுப் பொங்கலன்று அப்பாதான் டியூட்டி. தூரத்து சிக்னல் கைகாட்டிக்கு விளக்குத் துடைக்கப் போயிருந்தார், அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் அதிகாரி கேட்டபோது அப்பா வேறு சொன்னார்.

"தூங்கிட்டேங்க. யாரு வந்தான்னு தெரியாதுங்க."

பதினெட்டு வருஷத்தில் அப்பா டியூட்டியில் கண் மூடியதில்லை. சஸ்பெண்டு செய்திருக்கிறார்கள். நீலச் சட்டையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். பண்ணை வயலில் பேச்சு முடிந்து, கேட்டதில் பாதி கிடைத்து, அறுப்பு நடக்கிறது. அப்பாவும் அரிவாள் எடுத்துக்கொண்டு போகிறார். கை பழக்கம் விட்டுப்போய்விட்டது. முதல் நாளே விரலில் வெட்டு.

என்ன செய்வதென்று எழுதுங்கள்.

நீலாம்பாள்

*

அல்லிமங்கலம்
19.3.1968

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். பதினாறு நாளாகக் கடிதம் இல்லை. தபால்காரர் பக்கிரி அண்ணன் என்னைத் தூரத்தில் பார்த்தாலே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

அப்பாவைத் திருச்சி இரயில்வே ஆபீசுக்கு வரச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். காகிதத்தில் என்ன இருக்கிறதென்று படித்துச் சொல்ல நானும் போனேன். திரும்பும்போது அப்பா தஞ்சாவூரில் இறங்கினார். கேட்டால், "அந்தத் தம்பிய ஒரு நடை பாத்துட்டுப் போவோம்" என்றார். ஒரு சீப்புப் பூவம்பழம் வாங்கிக்கொண்டார்.

ஜெக்கரியா என்பவருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். கால் முழுவதும் மாவுக்கட்டுப் போட்டுத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். இனி விமானம் ஓட்ட விடமாட்டார்களாம். நம் ஊர்ப் பெயரைக் கேட்டதும் சிரித்தார். தமிழில் பேசினார், மாமா. அவருடைய அம்மா அதிராம்பட்டினத்துக்காரர். அவர் பிறந்து வளர்ந்தது பம்பாய்.

மேலிருந்து பார்த்தால் நம் சீமை எப்படி இருக்கிறதென்று சொன்னார். பனிக்கு மேலே கோபுரங்கள் மட்டும் தெரியுமாம், தண்ணீரில் விட்ட படகு மாதிரி. பெரிய கோபுரம் வந்தால் தஞ்சாவூர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். எல்லா ஊரிலும் கோபுரம் இருந்ததாம். படத்தில் ஒரு காவேரி, கீழே பார்த்தால் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, எல்லாம் ஒரே மாதிரி மினுங்கியதாம். எதை நம்புவதென்று தெரியாமல் ஸ்டேஷன் பலகையை நம்பி இறங்கி வந்தாராம்.

"மூணு தடவ பாத்தேன். மேல ஒரு வரி நல்லாத் தெரிஞ்சுது. எங்க உம்மா பாஷைதான். பேசுவேன், படிக்கத் தெரியாது. கீழ ரெண்டு வரியும் கறுப்பு."

அல்லிமங்கலம் என்று தெரிந்திருந்தால் மேற்கே திரும்பித் தஞ்சாவூர் போய்ச் சேர எண்ணெய் இருந்ததாம். தெரியாமல் கிழக்கே போய்க் கடலைப் பார்த்துத் திரும்பியதில் தீர்ந்துவிட்டதாம். ஏன் அந்த வயல் என்று அப்பா கேட்டார். அதில்தான் ஆள் இல்லை என்றார், அவ்வளவுதான்.

பிறகு அவர் சொன்னார்: "ப்ளாட்பாரத்துல ஒரு புள்ள நின்னுச்சு. பலகையக் காட்டி, என்ன ஊருன்னு கையால கேட்டேன். அது சந்தோஷமா கை ஆட்டுச்சு."

அப்பா பழத்தை எடுத்து மேசைமேல் வைத்தார், திரும்ப எடுத்தார், வேறு இடத்தில் வைத்தார்.

அந்த மேல்வரியில் என்ன எழுதியிருந்தது என்று ஜெக்கரியா கேட்டார். அவருடைய பேனாவாலேயே மாவுக்கட்டின் மேல் 'அல்லிமங்கலம்' என்று எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.

பதில் போடுங்கள்.

நீலாம்பாள்

*

சென்னை
27.3.1968

அன்பு நீலாவுக்கு,

நலம். வேலை அதிகம். போலீஸ் ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் ஆர்டர் வரும்.

அத்தானுக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல். நான் மட்டும் வேலையில் உட்கார்ந்துவிட்டால் எல்லோரையும் பார்த்துக்கொள்வேன். அக்காவின் தலைவலிக்கு ஒரு நல்ல டாக்டரைக் காட்டலாம், நீ கல்லூரியில் படிக்கலாம். இதையெல்லாம் யோசித்துப் பார்.

இங்கே மாமரங்கள் பிஞ்சு விட்டிருக்கின்றன.

இராஜாங்கம்

*

அல்லிமங்கலம்
6.4.1968

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அதில் ஜெக்கரியாவின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்தேன். மாமரம் இருக்கிறது.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். விமானம் வந்த அன்றைக்கு நான் வீட்டில் இருக்கவில்லை. ப்ளாட்பாரத்தில் நின்று பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளிருந்து கையை நீட்டிப் பலகையைக் காட்டினார். பலகை அழகாக இருக்கிறதென்று சொல்கிறார் என்று நினைத்தேன், மாமா. எங்கிருந்தோ பறந்து வந்த ஒருவருக்கும் நம் எழுத்து பிடித்திருக்கிறது என்று நினைத்து, அவர் மறையும் வரைக்கும் கை ஆட்டினேன். மூன்று சுற்றுக்கும் ஆட்டினேன். இப்போதெல்லாம் கனவில் அவர் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார். நான் ஊரின் பெயரைச் சத்தமாகச் சொல்கிறேன், சத்தம் வருவதில்லை.

அதிகாரிக்கு எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தார்.

"நம்மள்ல ஒருத்தன் நாற்காலில உக்காரப் போறான், நீலா. நான் திரும்ப வயலுக்குப் போனா ஒண்ணும் கெட்டுப் போகாது. எங்கப்பன் நின்ன எடந்தான்."

அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உங்களோடு பிறந்தவள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

சித்திரை முதல் தேதி வரைக்கும் காத்திருப்பேன். பிறகு என் பெயரில் எழுதிப் போடுவேன். டின்னைப் பிடித்தவள் நான், அப்பா தூங்கவில்லை என்று மட்டும் எழுதுவேன். ஏணியில் ஏறியது யார் என்று எழுதமாட்டேன். கேட்டாலும் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

நீலாம்பாள்

*

மாயவரம் ஜங்ஷன்
12.4.1968

நீலா,

இந்தக் கடிதத்தை ப்ளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதம் மூன்று நாளாகச் சட்டைப் பையில் இருக்கிறது.

எழும்பூரில் வண்டி ஏறும்போது வீட்டுக்கு வந்து உன்னைச் சமாதானப்படுத்தலாம் என்றுதான் ஏறினேன். ஒரு வருஷம் பொறு என்று சொல்ல வேண்டும், என்னென்ன சொல்வதென்று விழுப்புரம் வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். பேசினால் நீ கேட்டிருப்பாய். எனக்குப் பேச வரும்.

இங்கே இறங்கிப் பார்த்தேன். தெற்கே போகிற நம்மூர் வண்டி அந்தப் பக்கம் நிற்கிறது. நான் இறங்கிய வண்டி மேற்கே தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போகிறது. தண்டவாளங்கள் பிரிகிற இடம் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். கீழே நின்று பார்க்கிறவனுக்கே கொஞ்ச தூரம் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

ஜெக்கரியாவுக்குப் பனி இருந்தது. எனக்கு நல்ல வெளிச்சம்.

இரண்டு வண்டிக்கும் மணி அடித்துவிட்டார்கள். தபால் பெட்டி பக்கத்தில் இருக்கிறது. அக்காவிடம் எனக்காகச் சோறு வைக்க வேண்டாம் என்று சொல்.

உன் மாமா
இராஜாங்கம்

*

அல்லிமங்கலம்
9.6.1968

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம். அம்மாவின் தலைவலி விட்டுவிட்டது. ஆனால் உங்கள் பெயரை யாராவது சொன்னால் எழுந்து கொல்லைப்பக்கம் போகிறாள். திருச்சியில் நீங்கள் பாடம் எடுக்கும் டுடோரியல் பிள்ளைகள் சொன்னபடி கேட்கிறார்களா, கேஸ் எப்போது வருகிறது, அறையில் காற்று வருகிறதா என்று எல்லாம் கேட்டு எழுதச் சொல்வதும் அவள்தான். கோட்டை வேலையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. என் கடிதத்தை நான் அனுப்பும் முன்பே நீங்கள் போய்ச் சொல்லிவிட்டீர்கள் என்று தெரிந்ததும் அப்பா வெகுநேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவசரக்காரன்" என்றார்.

நானும் பிறகு என் கடிதத்தை அனுப்பினேன். என்னைக் கூப்பிட்டு எச்சரித்து விட்டார்கள். அப்பாவை வேலையில் திரும்பச் சேர்த்து, நீலச் சட்டை பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஏணியைக் கவனிக்காமல் விட்டதற்கு ஒரு கண்டிப்பு மட்டும். சட்டை இப்போது தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது.

ஜெக்கரியாவுக்கு நான் நடந்ததெல்லாம் எழுதியிருந்தேன். அவருக்கு யார் படித்துக் காட்டினார்களோ தெரியாது. ஒரு மாதம் பதில் இல்லை. நேற்றுப் பக்கிரி அண்ணன் ஒரு கார்டு கொடுத்தார். அதில் கோணல்மாணலாக, பெரிய பெரிய எழுத்தில், 'அல்லிமங்கலம்' என்று தமிழில் எழுதியிருந்தது. மாவுக்கட்டை வெட்டுவதற்கு முன்னால் பார்த்து எழுதிவைத்திருப்பார் போலிருக்கிறது. வேறு ஒரு வார்த்தை இல்லை. மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை. நான் அதைப் பூகோளப் புத்தகத்தில் தஞ்சாவூர் ஜில்லாப் படத்துக்கு நேராக வைத்திருக்கிறேன்.

இன்று பெயின்டர் வந்தார். பலகையைச் சுரண்டி, மஞ்சள் அடித்து, எழுத்தெழுத ஏணி கேட்டார். அப்பா எடுத்து வந்து சாத்தினார். மூன்றாம் படியில் அந்தச் சொட்டு அப்படியே இருக்கிறது. பெயின்டர் பாதி ஏறிவிட்டு, தனியாளாக வந்துவிட்டேன், டின்னைப் பிடிக்க யாராவது உண்டா என்று கேட்டார். சிவசங்கரன் சார் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அப்பா என்னைப் பார்த்தார்.

நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். மஞ்சள் காய்ந்ததும் மேல்வரி எழுதினார். கீழ்வரியும் எழுதினார். நடுவரி எனக்குப் படிக்கத் தெரியாது, மாமா. அதற்கும் கை ஆடாமல் பிடித்திருந்தேன். வெயில் நன்றாக இருந்தது. ஒன்றும் வழியவில்லை.

உங்கள் அன்பு மருமகள்
நீலாம்பாள்